ஒரு இணைப்பு, எத்தனை போன்?

மும்பை, தில்லி போன்ற நகரங்களில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கி, மாதச் சந்தாவைப் பங்கு போட்டு ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வைத்துக்கொள்வது சகஜம். "இத்தனை கருவிக்கு மேல் கூடாது" என்ற நிபந்தனை வந்தால் முதலில் அடிபடுவது இந்த அறைகள்தான்.

நிபந்தனைக்கு நியாயம் உண்டா? 30 எம்.பி.பி.எஸ். வேகம் வாங்கியவர் வீட்டில் ஒரு போன் இருந்தாலும் ஆறு இருந்தாலும் குழாயில் வருவது அந்த 30தான். ஆறு பேரும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மாத டேட்டாவுக்கும் வரம்பு வைத்தாகிவிட்டது. எல்லாச் சந்தாதாரர்களும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் இழுக்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் கம்பெனிகள் இணைப்புகளை விற்கின்றன. ஆறு பேர் அறை அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. அது விற்றவர் போட்ட கணக்கு. வாங்கியவர் செய்த குற்றமல்ல. பக்கத்து வீட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுப்பது மட்டும் வேறு சங்கதி.

சந்தாதாரர் சொந்த ரவுட்டர் வைத்தால், சாதாரணமாகக் கம்பெனியின் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு ரவுட்டர்தான். கம்பெனியே கொடுத்த ரவுட்டராக இருந்தால் பூட்டும் சாவியும் அவர்களிடம்.

2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்ற இணையச் சமநிலைக் கொள்கை, இணையத்தில் வரும் விஷயங்களிடையே பாரபட்சத்தைத் தடுக்கிறது. கருவிகளின் எண்ணிக்கை பற்றி அதில் நேரடிப் பேச்சில்லை. எனவே ஒப்பந்தப் படிவத்தில் உள்ள வாசகமே முக்கியம். சொல்லாத நிபந்தனையைப் பிறகு திணித்தால், முதலில் கம்பெனியின் புகார் மையம், அடுத்து அதன் மேல்முறையீட்டு அதிகாரி. டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. ஆனால் டெலிபோன் கம்பெனிகள் மீது நுகர்வோர் மன்றத்துக்கும் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. சந்தா ரசீது யார் பெயரில் இருக்கிறதோ, அவர் மனுப் போடலாம்.