கருவியின்மேல் பழி எதற்கு?

"பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடுகிறது. இதுவும் ஒரு கலையா? இதுவும் ஒரு பிழைப்பா?" சித்திரக்கதை வரைய விரும்பும் பிள்ளையின் வாயை நம் வீடுகளில் இப்படித்தான் அடைக்கிறோம். அதே பிள்ளை அதே கணினியின் முன் அமர்ந்து அயல்நாட்டுக் கம்பெனிக்குக் கணக்கெழுதினால் பூரித்துப் போகிறோம். அப்படியானால் நம் வெறுப்பு கணினியின் மீதன்று, கலையின் மீதுதான்.

கோடியக்கரையையே எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, ஓவியர் மணியத்தின் படங்கள் வழியே பூங்குழலியின் கடற்கரை தமிழர் இல்லங்களுக்குள் புகுந்தது. அன்று தூரிகை, இன்று இளைஞர் கையில் மின்பேனா. ஆயினும் கோடு எங்கே தடிக்க வேண்டும், நிழல் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பது இன்றும் ஓவியனின் கண்ணே.

1953-இல் மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது, தமிழ் இதழ்களில் கணினியை ஓவியக் கருவியாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர். கணினி அவர் கோட்டின் வேகத்தைத் தின்றுவிடவில்லை. நாடக மேடையும் நாட்காட்டியும் பழக்கிவிட்ட மன்னர் உருவங்களை மறுத்து, 'வாளோர் ஆடும் அமலை' நூலில் தமிழ் மன்னர்களைப் புதிதாக வரைந்தார். அந்தத் துணிவை எந்தப் பொத்தான் தரும்?

"உருவம் வரைவது மார்க்கத்திற்கு அடுக்குமா?" என்பார்கள். தீர்ப்புக் கூற நான் ஆலிம் அல்லன். ஆலிம்களிடையே இதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் நம் வரலாற்றில் சித்திரக்கதைக்கு இடமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1237-இல் அல்-வாஸித்தீ, ஹரீரியின் 'மகாமாத்'துக்குத் தீட்டிய ஓவியங்கள் இன்றும் பாரிசில் உள்ளன. நூலகமும் கப்பலும் ஒட்டகக் கூட்டமும் அவற்றில் உயிரோடு நிற்கின்றன.

இளைஞர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. பிறர் வரைந்த கோடியக்கரையைப் பார்த்து வரைவது நகல், கலையன்று. சொல்லைக் கொடுத்தால் படம் தரும் செயற்கை நுண்ணறிவும் பிறர் படங்களைத் தின்று வளர்ந்ததே. அதனோடு போட்டியிட உங்களிடம் இருப்பது சொந்தக் கண் ஒன்றுதான். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கின் எச்சமும் 2004 ஆழிப்பேரலையில் போயிற்று. எஞ்சியிருப்பவற்றையாவது சென்று பாருங்கள்: வெளிமான், பூநாரை, வேதாரண்யத்தில் கீற்று மூடிய உப்புக் குவியல். அருகே தோப்புத்துறையில் நம்மவர் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையும் உம்மாவின் முகமும் எந்தச் சித்திரக்கதையில் உள்ளன? நாம் வரையாவிட்டால் அயலார் வரைவர். அதில் நம்மை நமக்கே அடையாளம் தெரியாது.

பெற்றோரே, இதற்குப் பின்னும் பிள்ளையின் மின்பேனாவைப் பிடுங்க விரும்பினால் பிடுங்குங்கள். ஆனால் பிடுங்கியது விளையாட்டுப் பொருள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.