தளர்ச்சியைச் சுட்டும் இரட்டைக்கிளவிகள்: ஒரு கருத்துரை

இரட்டைக்கிளவி என்றவுடன் நம் இலக்கண வகுப்புகள் சலசல, கலகல என்னும் ஒலிச்சொற்களில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. தொல்காப்பியக் கிளவியாக்கத்திற்கு உரை கண்டோரோ இரட்டைக்கிளவி இசை, குறிப்பு, பண்பு ஆகிய மூன்றும் பற்றி வரும் எனப் பகுத்துக் காட்டினர். இவற்றுள் குறிப்பு பற்றி வருவன ஆய்வில் உரிய இடம் பெறவில்லை என்பது என் கருத்து. உடல்தளர்ச்சியைச் சுட்டும் சொற்களே இதற்குப் போதிய சான்றாகும்.

மூங்கில்துறைப்பட்டு, தென்பெண்ணையாற்றங்கரையில் கரும்பு வயல்களும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அமைந்த ஊர். இவ்வட்டாரப் பேச்சில், வெறும் வயிற்றோடு கரும்பு வெட்டியவருக்குக் கைகால் வெலவெலக்கும். குளிர்காய்ச்சல் கண்டவருக்கு உடம்பு வெடவெடக்கும். குனிந்து சட்டென நிமிர்ந்தவருக்குத் தலை கிறுகிறுக்கும். இவற்றுள் எதிலும் ஒலி இல்லை. வெலவெலத்தல், வெடவெடத்தல் இரண்டிற்கும் அகராதிகள் பெரும்பாலும் 'நடுங்குதல்' என்றே பொருள் தருகின்றன. வெலவெலப்பிலோ நடுக்கத்தினும் வலு வடிந்துபோதலே மேலோங்கி நிற்கிறது. வெடவெடப்பில் உடல் விறைத்து அதிர்கிறது. 'மசமச' என்பது இன்னும் நுட்பமானது. அதனை எவரும் தம் உடல்நிலையாகக் கூறிக்கொள்வதில்லை. வேலை வாங்குவோர் பிறரை நோக்கிக் கூறுவது அது. ஒருவர் வெலவெலப்பு எனக் கூறும் அதே தளர்ச்சி மேற்பார்வையாளர் வாயில் மசமசப்பாகிவிடுகிறது!

வியட்நாமிய மொழியிலும் இத்தகைய இரட்டிப்புச் சொற்கள் மிகுதி. அங்கு 'ருன்' என்றால் நடுங்குதல். அதனை அடியாகக் கொண்டு 'ருன் ரய்' என்னும் சொல் அமைகிறது. அடிச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டாதலின் பொருளாய்வை அதிலிருந்து தொடங்கலாம். தமிழில் 'வெல' எனப் பிரித்தால் பொருளே இல்லை. எனவே, யார், எப்போது, எவ்வுறுப்பைக் குறித்துச் சொன்னார் என்னும் வழக்குச் சூழலே நமக்குள்ள முதன்மைச் சான்று.

இச்சான்று நாள்தோறும் இழக்கப்படுகிறது. மருத்துவரிடம் ஒருவர் 'வெலவெலன்னு வருது' என்றாலும் 'கிறுகிறுன்னு வருது' என்றாலும் சீட்டில் 'உடல்சோர்வு' என ஒன்றாகவே பதிவாகக்கூடும். பசியும் தலைச்சுற்றும் வெவ்வேறு என்பதைச் சொன்னவர் அறிந்தே சொன்னார். வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுப்போர் இச்சொற்களுக்கு நேர்ப்பொருளுடன் காரணம், உறுப்பு, கூறுவோர் ஆகிய மூன்றையும் பதிவு செய்தல் வேண்டும். கள ஆய்வைக் கரும்பு வெட்டும் பருவத்தில் வயலிலேயே தொடங்கலாம்.