கோலியும் கொள்கையும்

சூத்திரத்தை மனனம் செய்து விடைத்தாளில் எழுதிவிட்டால் இயற்பியல் கற்றாயிற்று என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்க வருவது உந்தம் என ஒப்பிக்க அறியாதார் இலர். ஆயினும், ஓடிவரும் கோலி நிற்கும் கோலியை மோதுங்கால் நிகழ்வது யாது என வினவின், விடையிறுப்பார் மிகச் சிலரே. இப்பாடம் கரும்பலகையினின்று தரைக்கு இறங்குதல் வேண்டும் என்பது எம் கருத்து.

சிந்தனை மட்டும் துணையாயின் பேரறிஞரும் வழுவுவர் என்பதற்குப் பிரெஞ்சு நாட்டு டெக்கார்ட் சான்றாவார். 1644-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் மோதலுக்கு அவர் ஏழு விதிகள் வகுத்தார். அசையாதிருக்கும் பெரும்பொருளைச் சிறுபொருள் எத்துணை விரைந்து மோதினும் அசைத்தல் இயலாது என்பது அவற்றுள் ஒன்று. நம் தெருச் சிறுவன் கேட்பின் நகைப்பான்! சிறு கோலியால் பெருங்கோலியை அடித்து நகர்த்துவது அவனுக்கு நாளும் கைவந்த தொழிலன்றோ? டெக்கார்ட் வேகத்தைக் கணக்கிட்டார்; திசையைக் கணக்கிட்டிலர்.

நியூட்டனோ கையால் செய்து பார்த்தார். 1687-இல் வெளிவந்த தம் பெருநூலில், பத்தடி நீளமுள்ள கயிறுகளில் உருண்டைகளைத் தொங்கவிட்டு மோதச் செய்து அளந்த செய்தியை விரித்துரைக்கின்றார். இறுகச் சுற்றிய கம்பளி உருண்டைகள், நெருங்கிய வேகத்தில் 9-இல் 5 பங்கு வேகத்துடனே பிரிந்தன. கண்ணாடி உருண்டைகளோ 16-இல் 15 பங்கு வேகத்துடன் பிரிந்தன. வேகம் இங்ஙனம் குன்றினும், திசை நோக்கிக் கூட்டிய உந்தம் குன்றவில்லை. கோலியும் கயிறும் எவ்வூர்க் கடையிற் கிடையா?

இனி, தமிழ் பயில்வோராகிய யாம் ஒரு சொல்லைக் குறித்துக் கூற விழைகின்றோம். உந்தம் என்பது உந்து என்னும் வினையடியாகப் பிறந்த நற்சொல். கேட்ட அளவிலே பொருள் விளங்கும். கணத்தாக்கு என்னும் சொல்லோ, அது கணப்பொழுதில் நிகழ்வதொன்றே என மயக்குகின்றது. விசையையும் அது செயற்படும் காலத்தையும் பெருக்க வருவதே கணத்தாக்கு. அக்காலம் நெடிதாகவும் இருக்கலாம். இம்மயக்கத்தை அகராதி தீர்க்காது. ஒரு போர்வையும் ஒரு முட்டையும் தீர்க்கும். இருவர் போர்வையைத் திரைபோல் தளரப் பிடித்து, அதன் அடிவிளிம்பை மடித்து உயர்த்த, மூன்றாமவர் முட்டையை அதன் நடுவில் ஓங்கி எறியட்டும். முட்டை உடைவதில்லை. 60 கிராம் முட்டை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். சுவர் அதனை விநாடியின் 200-இல் ஒரு பங்கில் நிறுத்துமாயின் சராசரி விசை 120 நியூட்டன். போர்வை 10-இல் ஒரு பங்கில் நிறுத்துமாயின் 6 நியூட்டனே. கணத்தாக்கு ஈரிடத்தும் ஒன்றே.

ஆதலின், எழுத்துத் தேர்வில் ஒரு வினாவேனும், மாணவர் தாமே மோதவிட்டு அளந்ததைப் பற்றி அமைதல் வேண்டும் என ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கின்றோம். விடுதிச் சமையற்கூடத்தார் முட்டை தர இசைவரோ என்பது வேறு வினா.