சிஸ்டருக்குக் கணக்கு தெரியலையா, நமக்கு ஆர்டர் எழுதத் தெரியலையா?

1/ "இப்ப வர்ற நர்ஸுங்களுக்கு ஹெபாரின் கணக்கு கூடப் போடத் தெரியல." டூட்டி ரூம்ல ஒருத்தர் சொன்னார், எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் டாக்டர்தான். ஆனா இந்தப் பேச்சு தப்பு. ஏன்னு சொல்றேன்.

2/ தெரியாதவங்களுக்கு: ஹெபாரின் ரத்தம் உறையாம தடுக்கிற மருந்து. நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைச்சிட்டா இதை மணிக்கணக்குல விடாம ஏத்துவோம். அளவு குறைஞ்சா கட்டி வளரும். கூடினா மூளையிலயோ வயித்துலயோ ரத்தக்கசிவு.

3/ கணக்கு இதுதான். நோயாளி 60 கிலோ. கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். 60 × 18 = 1080. 25,000 யூனிட்டை 500 எம்எல் சலைன்ல கலந்தா எம்எல்லுக்கு 50 யூனிட். 1080 ÷ 50 = 21.6. மணிக்கு 21.6 எம்எல். பள்ளிக்கூடக் கணக்கு.

4/ அதே 25,000 யூனிட்டை சிரிஞ்ச் பம்ப்ல 50 எம்எல்லா லோடு பண்ணா? எம்எல்லுக்கு 500 யூனிட். ஓட வேண்டியது 2.16 எம்எல்தான். கேஸ் ஷீட்ல "மணிக்கு 21.6 எம்எல்"னு மட்டும் இருந்தா பத்து மடங்கு மருந்து உள்ள போகும். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. நோயாளி போயிடுவார்.

5/ இது கற்பனை இல்ல. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ அப்படி ஒரு ஆர்டர் எழுதினது நான். வார்டுல பாட்டில்ல ஓடிட்டிருந்தவரை ராத்திரி ஐசியூவுக்கு மாத்தினாங்க. அங்க சிரிஞ்ச் பம்ப். நம்பர் அடிக்கப் போன சிஸ்டர் போன் பண்ணி, "சார், இது எந்த டைல்யூஷன்?"னு கேட்டாங்க. தூக்கத்துல எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. அந்தக் கேள்விதான் அவரைக் காப்பாத்துச்சு.

6/ அவங்க கேக்காம ஸ்டார்ட் பண்ணியிருந்தா? மெமோ அவங்களுக்குத்தான் போயிருக்கும். என் கையெழுத்தை யாரும் திருப்பிப் பாத்திருக்க மாட்டாங்க.

7/ வயல் கதை தனி. 5 எம்எல் வயல் 5,000 யூனிட்லயும் வருது, 25,000 யூனிட்லயும் வருது. 2007ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல நடிகர் டென்னிஸ் க்வைடோட இரட்டைக் குழந்தைகளுக்கு, எம்எல்லுக்கு 10 யூனிட் மருந்துக்குப் பதிலா 10,000 யூனிட் மருந்து போச்சு. 1000 மடங்கு. நல்லவேளை, பிழைச்சாங்க. பணக்கார ஊரு, பெரிய ஆஸ்பத்திரி. அங்கயும் நடக்குது.

8/ "அப்போ நர்ஸ் கணக்கு கத்துக்க வேணாமா?" கண்டிப்பா கத்துக்கணும். ஆனா ராத்திரி மொத்த வார்டையும் ஒத்தை ஆளாப் பாக்கிறவங்க தலைக்குள்ள போடுற கணக்கை நம்பி ஒரு உயிரை விடுறது மருத்துவம் இல்ல, சூதாட்டம்.

9/ டாக்டர்களே, நாம செய்ய வேண்டியது: எடை, மணிக்கு எத்தனை யூனிட், டைல்யூஷன், மணிக்கு எத்தனை எம்எல், நாலையும் எழுதுங்க. "யூனிட்"னு முழுசா எழுதுங்க. ஒத்தை இங்கிலீஷ் எழுத்தாப் போட்டா அது பூஜ்யமாத் தெரியும். ஏபிடிடி எப்போ பாக்கணும்னும் எழுதுங்க, வழக்கமா 6 மணி நேரத்துல.

10/ நிர்வாகம் செய்ய வேண்டியது: எல்லா வார்டுலயும் ஒரே டைல்யூஷன். எடைக்கு எத்தனை எம்எல்னு சுவத்துல ஒரு அட்டவணை. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர் தனித்தனியாக் கணக்குப் போட்டு ஒத்துப் பாக்கணும். புரோட்டமின் கைக்கெட்டுற இடத்துல இருக்கணும். இதுல எதுக்கும் பெருசா செலவு இல்ல.

11/ அடுத்த தடவை ஒரு சிஸ்டர் "எந்த டைல்யூஷன் சார்?"னு கேட்டா எரிஞ்சு விழாதீங்க. நீங்க எழுதாம விட்டதைத்தான் கேக்கிறாங்க. பதில் சொல்லுங்க. அப்புறம் நன்றியும் சொல்லுங்க. நான் அன்னைக்குச் சொல்லல.