தொண்டர்கள் வேண்டும்

சங்கக் கிளையின் சார்பில் ஒரு தொண்டர் குழு அமைப்பதென்று முடிவு செய்து, கோயில் சுவரிலும் மளிகைக் கடை வாசலிலும் விளம்பரம் ஒட்டினோம். மூன்று வாரங்கள் சென்றன. பெயர் கொடுத்தவர்கள் நால்வர். அந்த நால்வரில் இருவர் கிளைச் செயற்குழுவிலேயே இருப்பவர்கள். தாங்கள் ஒட்டிய விளம்பரத்துக்குத் தாங்களே பெயர் கொடுத்துக்கொண்டார்கள்!

"இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொதுநல உணர்ச்சி கிடையாது" என்று மூத்த தோழர் சிலர் கூறுகின்றனர். நாம் இதை ஒப்புவதற்கில்லை. சென்ற மாதம் நம் லயத்தில் ஒரு சாவு விழுந்தபோது கொட்டகை போட்டவர்கள் யார்? நாற்காலி இரவல் வாங்கி லாரியில் ஏற்றி வந்தவர்கள் யார்? மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள், இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து தேநீர் கொடுத்தார்களே, அவர்களை எந்த விளம்பரம் அழைத்தது? அடுத்த வீட்டுக்காரர் வந்து, "தம்பி, கொஞ்சம் வா" என்றார், போனார்கள். ஆள் இருக்கிறது. அழைத்த முறையில்தான் கோளாறு.

தொண்டர் என்ற சொல் மலாயாத் தோட்டத் தொழிலாளிக்குப் புதிதன்று. யுத்தம் முடிந்த கையோடு, கெடாவில் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை என்று ஒன்று எழுந்தது. அதில் சேர்ந்தவர்கள் பால்மரம் வெட்டுகிறவர்கள். நேதாஜியின் படையில் பழகிய அணிவகுப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. அவர்கள் எதிர்த்தது கள்ளை. வாங்கிய சம்பளத்தைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே தொலைத்துவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய காலம் அது. குடியை விடு, சாதி பேசாதே, ஒற்றுமையாக இரு என்று சொல்லத் தொடங்கிய இயக்கம் கெடாவின் தோட்டங்களில் பரவிற்று. பெண்களும் மறியலுக்கு நின்றார்கள்.

1947 பிப்ரவரி 28-ல் பீடோங் கள்ளுக்கடையின் முன் மறியல் செய்த தொண்டர்களுக்கும் போலீசாருக்கும் கைகலப்பு உண்டாகி, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஏப்ரல் மாதத்தில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து மற்றொருவர் மாண்டார். தலைவர்கள் சிறை புகுந்தனர், படை கலைந்தது.

கலைந்ததற்கு அரசாங்கத்தின் கை ஒரு காரணம். இன்னொன்றையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடித்தவனைப் பிடித்து வந்து தண்டிக்கும் பழக்கமும் சில இடங்களில் நுழைந்தது. தண்டிப்பவனைக் கண்டால் அண்டை வீட்டான் அஞ்சுவான். அஞ்சுகிறவன் வந்து சேர்வானா? இன்று கள்ளுக்கடை போன இடத்தில் மலிவு விலைச் சம்சு உட்கார்ந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுப்புறத்திலும் நச்சுச் சாராயம் குடித்து மாண்டவர்களில் பலர் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த தொழிலாளர்கள். ஆனாலும் நமது குழு யார் வீட்டுப் புட்டியையும் பிடுங்கப் போவதில்லை என்பதை இப்போதே சொல்லிவைக்கிறோம்.

பின் எப்படி ஆள் சேர்ப்பது? 1960-ஆம் ஆண்டில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் கொடுமை தலைவிரித்தாடியபோது, வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மந்திரியாக இருந்தவர், தோட்டம் தோட்டமாகப் போனார். தொழிலாளியின் எதிரே நின்று, மாதம் பத்து வெள்ளி கொடு, நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். பத்து வெள்ளி அன்று சிறிய பணமன்று. கேட்டவர் தம் வாசலுக்கு வந்து கேட்டதால் கொடுத்தார்கள். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அப்படிச் சேர்ந்த பணத்தில் வாங்கிய முதல் தோட்டம். சுவரொட்டியை நம்பி அவர் கோலாலம்பூரிலேயே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

நிற்க. எந்தக் காரியத்துக்குத் தொண்டர் வேண்டும் என்பதை நமது விளம்பரம் சொல்லவேயில்லை. "சமூக சேவை செய்ய வாரீர்" என்று எழுதியிருந்தோம். அது எழுதினவருக்கே விளங்காத வாசகம். எழுதினது நாமேதான். இப்போது விளங்கச் சொல்கிறோம்.

காகிதம். அதுதான் காரியம்.

சேமநிதி 1951-ல் வந்தது. சொக்சோ சட்டம் 1969-ல் வந்தது. இரண்டுக்கும் மாதந்தோறும் நம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பிடிப்பது தானாக நடக்கிறது. திரும்ப வாங்குவது தானாக நடப்பதில்லை. பாரம் எழுத வேண்டும், டாக்டர் சான்று வேண்டும், பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரும் அடையாளக் கார்டில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். "முனியம்மா" ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் மற்றொன்றில் வேறு மாதிரியும் இருந்தால், அந்த அம்மாள் தாம் தாமே என்று மெய்ப்பிக்க நாலு தடவை பஸ் ஏற வேண்டும். சேமநிதியில் வாரிசு பெயர் எழுதாமல் இறந்துபோனவரின் குடும்பம் படுகிற பாட்டை எந்தத் தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். சிவப்புக் கார்டோடு காலம் தள்ளும் முதியவர்களின் கதை வேறு.

வேலைக்குப் போகும் வழியில் விழுந்து கால் ஒடிந்தாலும் சொக்சோவில் கேட்க இடமுண்டு. விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். நமக்குத் தெரிந்து எத்தனை பேர், மோட்டார் சைக்கிள் சறுக்கியதற்குச் சொந்தப் பணத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த நாள் நிரைக்குப் போயிருக்கிறார்கள்! 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ உண்டு. வங்காளதேசத்துப் பையனுக்குப் பாரம் எழுதிக் கொடுப்பது நம் வேலையா என்று கேட்பாரும் உளர். நம் பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கியபோது அவருக்கும் எழுதிக் கொடுக்க ஆளில்லை. ஆம், அதுவும் நம் வேலைதான்.

இனி நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கிராணி வேலை பார்க்கிறவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் பால் வெட்டுகிற ஒருவர் ஐம்பது வயது எட்டுமுன் மாரடைப்பில் போய்விட்டார். செக்ரோலில் அவர் பெயரை நீக்கிய கை நம்முடையது. சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தார். மனைவிக்குச் சொக்சோ பென்சன் கேட்கலாம் என்பது நமக்குத் தெரியும். அந்த அம்மாள் வந்து கேட்பார் என்று இருந்தோம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? இரண்டாண்டுகள் கழித்து, வேறொரு காரியமாக வந்தவரிடம் பேச்சுவாக்கில் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா பெரியவளைப் படிப்பை நிறுத்தியிருக்க மாட்டேனே, ஐயா" என்றார். பென்சன் பிறகு கிடைத்தது. பெரியவள் பள்ளிக்கூடம் திரும்பவில்லை.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில், கூலி உயர்வோடும் கள்ளுக்கடை மூடுவதோடும் இன்னொன்றும் இருந்தது. துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. நாதனை நாடு கடத்தினார்கள். ஐந்து பேர் துப்பாக்கிக்கு இரையானார்கள். சைக்கிள் வழக்கம் போய்விட்டது. கிராணியின் மேசைக்கும் லயத்துக்கும் நடுவிலுள்ள தூரம் முழுவதும் போய்விட்டதா? இந்தக் குழுவுக்கு முதலில் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் பகாவ் வட்டாரத்துக் கிராணிமார்களே என்று நாம் சொல்வது இதனால்தான். மலாய் மொழியில் பாரம் நிரப்பத் தெரிந்த கை நம்மிடம் இருக்கிறது.

நமக்கு வேண்டியவர்கள் பன்னிருவர். பாரம் எழுத ஆறு பேர்; அவர்கள் ஐந்தாம் பாரம் முடித்த பெண்களாக இருந்தால் மிகவும் நல்லது, ஏனெனில் நம் தாய்மார்கள் வீட்டு விஷயத்தை ஆண்பிள்ளைகளிடம் சொல்லக் கூசுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் கூடப் போய்வர, காரோ மோட்டார் சைக்கிளோ உள்ளவர் நால்வர். மீதி இருவருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எந்த வீட்டில் யாருக்கு என்ன சங்கடம் என்று தெரிந்த பால் வெட்டுக்காரப் பெரியவர்கள் அவர்கள். அவர்கள் காட்டாத கதவை மற்றவர்கள் தட்ட முடியாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு. காலை பத்து முதல் ஒரு மணி வரை. அதற்குமேல் கேட்க மாட்டோம். சம்பளம் கிடையாது. பெட்ரோல் காசைக் கிளை கொடுக்கும். பிறருடைய வீட்டுச் செய்தியை வெளியில் பேசுகிறவர் அன்றே விலக்கப்படுவார். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு பகாவ் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபோன குடும்பங்களையும் விட்டுவிடப் போவதில்லை. அங்கேதான் பக்கத்து வீட்டார் பெயர் தெரியாமல் முதியவர்கள் தனித்துக் கிடக்கிறார்கள்.

சுவரொட்டியைக் கிழித்துவிட்டோம். அடுத்த ஞாயிறு முதல் நாமும் செயலவைத் தோழர் இருவரும் வீடு வீடாக வருகிறோம். லயத்தில் தொடங்கித் தாமானில் முடிப்போம். மறுக்கிறவர்கள் முகத்துக்கு நேரே மறுக்கலாம், வருத்தமில்லை. பாரம் எழுத உடன்படுகிறவர்கள் சேமநிதிக் கணக்கறிக்கையோ பழைய சம்பளச் சீட்டோ ஒன்றை எடுத்து வைத்திருங்கள். முதல் பாடத்தை அவரவர் வீட்டுக் காகிதத்திலேயே தொடங்கலாம்.