மிஷின் பிழிகிறதா என்று கேளுங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் பார்த்து எங்கள் வீட்டு வாஷிங் மிஷின் மக்கர் செய்தது. மேல்பக்கம் மூடி உள்ள வகை, ஏழு கிலோ, வாங்கி எட்டு வருடம். துவைத்தது, அலசியது. பிழிய வேண்டிய நேரம் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இன்னும் 9 நிமிடம் என்று காட்டிய எண், அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தாலும் 9. துணியை எடுத்தால் அப்போதுதான் கிணற்றிலிருந்து தூக்கிய மாதிரி தண்ணீர் ஒழுகுகிறது.

வெயில் காலமாக இருந்தால் மாடிக் கொடியில் போட்டுவிடலாம். புதுச்சேரியில் மழைக்காலத்தில் பிழியாத துணியை எங்கே போடுவது? கூடத்தில் கயிறு கட்டி, அடியில் வாளி வைத்து, இரண்டே நாளில் வீடு முழுக்க ஈர வாடை. என் மனைவிக்கு இரண்டு வருடத்துக்கு முன் வலது மணிக்கட்டு முறிந்து உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டைக்கூட அவளால் முறுக்க முடியாது. வாங்கியபோது ஆடம்பரம் என்று நினைத்த மிஷின், இப்போது அவளுக்கு இன்னொரு கை. நான் இரண்டு நாள் பிழிந்து பார்த்தேன். மூன்றாம் நாள் தோள்பட்டையில் தைலம்.

மெக்கானிக் வந்தார். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினார். பொத்தானை அழுத்தினார், காதைச் சாய்த்துக் கேட்டார். "சுத்தல சார். போர்டு போயிடுச்சு" என்றார். ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகுமாம். "எட்டு வருஷ மிஷினுக்கு எதுக்கு சார் இவ்ளோ செலவு, எக்ஸ்சேஞ்ச்ல புதுசா எடுத்துடுங்க" என்று யோசனையும் சொன்னார். வந்து பார்த்ததற்கு 350 ரூபாய். "பில் குடுப்பா தம்பி" என்றேன். சிரித்தார். எல்லாமாக நான்கு நிமிடம் இருந்திருப்பார்.

வெளிநாட்டில் இருக்கும் மகனும் போனில் அதையேதான் சொன்னான். "விடுங்கப்பா, புதுசு வாங்கிடுங்க, நான் பணம் அனுப்பறேன்." பணம் இல்லாமல் நான் இதை எழுதவில்லை. ஆபீசில் ஒரு கோப்பு நகரவில்லை என்றால், மேலதிகாரி சரியில்லை என்று எடுத்த எடுப்பில் யாரும் சொல்ல மாட்டோம். அது யார் மேசையில் கிடக்கிறது என்று முதலில் தேடுவோம். இங்கே யாருமே மேசையைப் பார்க்கவில்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன். மிஷின் செய்யும் இந்த வேலைக்கு அந்த மொழியில் ‘எசொராஜ்’ என்று பெயர். துணியிலிருந்து தண்ணீரை வாங்குவது. நம் வீட்டுப் பெண்கள் ‘பிழியறது’ என்று சொல்வதும் அதைத்தான். ஆங்கிலக்காரன்தான் ‘ஸ்பின்’, அதாவது சுற்றுவது, என்று பெயர் வைத்துவிட்டான். மெக்கானிக்கும் அந்தச் சொல்லோடுதான் வருகிறார். சுற்றுகிறதா என்று பார்க்கிறார், சுற்றவில்லை என்றால் சுற்றவைக்கிற சாமான் மேல் பழி போடுகிறார். பிழிகிறதா என்று கேட்டிருந்தால் கண் முதலில் தண்ணீரிடம் போயிருக்கும். அங்கேதான் போயிருக்க வேண்டும்.

ஏனென்றால் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை மிஷின் வேகமாகச் சுற்றாது. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் மட்டத்தைப் பார்க்க உள்ளே ஒரு சென்சார் இருக்கிறது. காலியாகிவிட்டது என்று அது சொன்னால்தான் அடுத்த வேலை. இல்லையென்றால் காத்திருக்கும், பிறகு ஏதோ இரண்டு எழுத்தைக் காட்டி நின்றுவிடும். என் மிஷின் கெட்டுப்போய் நிற்கவில்லை, புத்தியோடு நின்றது.

அன்று சாயங்காலம் பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். போன மாதம் அங்கே டைல்ஸ் ஒட்டினார்கள். தண்ணீர் நடைக்கு வரக்கூடாது என்று, கழிவுத் தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி கொத்தனார் அரை அடிக்கு ஒரு கரை கட்டியிருந்தார். மிஷினின் ஹோஸ் அந்தக் கரை மேல் ஏறி, வளைந்து இறங்கியது. எங்கள் மாதிரி மிஷினில் தண்ணீரைத் தள்ள பம்ப் கிடையாது. வால்வு திறக்கும், தண்ணீர் தானாகப் பள்ளத்துக்கு ஓட வேண்டும். பள்ளத்தில் மேட்டைக் கட்டிவிட்டால் எப்படி ஓடும்? ஹோஸைக் கரையிலிருந்து எடுத்து தரையில் போட்டேன். பிளக்கைச் செருகிப் பிழிய விட்டதும் குபுகுபுவென்று அழுக்குத் தண்ணீர் வந்தது பாருங்கள், என் கால் நனைந்தது. இரண்டு நிமிடத்தில் மிஷின் விமானம் கிளம்புவதுபோல் சத்தம் போட்டுச் சுற்றியது. மனைவி உள்ளேயிருந்து "என்னங்க, ஓடுதா?" என்றாள்.

முன்பக்கக் கதவு உள்ள மிஷின் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அதில் பம்ப் உண்டு, ஹோஸ் மேலேதான் இருக்க வேண்டும். ஆனால் கீழே மூலையில் சின்ன மூடிக்குள் ஒரு ஃபில்டர் இருக்கிறது. சட்டைப் பையில் மறந்த சில்லறை, பட்டன், ஊக்கு, பஞ்சு எல்லாம் அங்கே போய்ச் சேரும். பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து அந்த மூடியைத் திறந்ததே இல்லை. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிட்டு, கீழே தட்டு வைத்துத் திறக்கவும்.

தண்ணீர் காலியாகியும் சுற்றாமல், தடதடவென்று ஆடிவிட்டு மறுபடி தண்ணீர் பிடிக்கிறதா? அது இன்னொரு விஷயம். துணி ஒரே பக்கம் சேர்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் மையவிலக்கு விசை என்று படித்தது எழுபது வயதுக்கு மேல் உபயோகப்பட்டது. நிமிடத்துக்கு 700 சுற்று, கால் மீட்டர் ஆரம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் அரைக் கிலோ கூடுதலாக இருந்தால், அது தொட்டியை ஏறக்குறைய 68 கிலோ எடைக்குச் சமமாக வெளியே இழுக்கிறது. என் எடையைவிட அதிகம்! வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. அதனால்தான் மிஷின் பயந்து நிறுத்திக்கொள்கிறது. ஒற்றைப் போர்வை, ஒற்றைக் குளியலறை மிதியடி, இரண்டு சட்டையோடு ஒரு ஆறு கஜப் புடவை, இவை பெரிய குற்றவாளிகள். புடவை மற்றதையெல்லாம் தேர்வடம் மாதிரி முறுக்கிக்கொள்ளும். நிறுத்தி, கையால் பிரித்துப் பரப்பி, கூட இரண்டு துண்டு போட்டால் தீர்ந்தது. படுக்கையில் விரிக்கும் ரப்பர் ஷீட், மழைக்கோட்டு இவற்றை மிஷினில் பிழியவே போடாதீர்கள். தண்ணீர் உள்ளே பை மாதிரி தங்கி, சுற்றும்போது திடீரென்று ஒரு பக்கம் பாய்ந்து மிஷினையே கவிழ்த்துவிடும்.

இதற்கு மேலும் பிழியவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், மூடி சுவிட்ச் போயிருக்கலாம், தொட்டியைத் தாங்கும் கம்பிகள் களைத்திருக்கலாம். போர்டும் போகும், இடி மின்னல் காலத்தில் போகத்தான் செய்கிறது. அதெல்லாம் மெக்கானிக்கின் வேலை. பின்பக்கத் தகட்டை நாம் கழற்றக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

என்னோடு காலையில் கடற்கரையில் நடக்கும் நண்பர், "இந்த வயசுல எதுக்குங்க இந்த ஆராய்ச்சி, காசைக் கொடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ‘இந்த வயசுல’ என்பதை நாமே சொல்லிச் சொல்லித்தான், வாசலில் வருகிறவர்கள் நான்கு நிமிடத்தில் நம்மை எடை போட்டுவிடுகிறார்கள். இளவட்டம் ஒருவன் வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பையன் ஹோஸைப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். வெள்ளை முடியைப் பார்த்ததும் போர்டு போய்விட்டது.

ஆகவே இனி யார் வந்தாலும், "தண்ணீர் முழுசா காலியாச்சா, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள். சாமான் மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் கேளுங்கள். செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். 350 ரூபாய்க்கு நான் கூப்பிடவில்லை, அது என் சோம்பல்.

நேற்று அந்தப் பையனே போன் செய்தார். "சார், போர்டு ஆர்டர் போட்டுடவா?"

ஹோஸ் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்படியும் இருக்கும் சார்" என்றார்.

கரையை உடைத்து ஹோஸுக்கு வழி செய்ய கொத்தனார் திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை ஹோஸ் தரையில் கிடக்கிறது, நடையில் தண்ணீர் வருகிறது, துடைப்பது என் வேலை.