வில் செய்தவருக்கும் ஒரு வரி

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு முடிந்ததும் புலவருக்குச் சால்வை போர்த்துகிறோம். குடத்தின் மேல் கிடக்கும் வில்லைச் செய்தவர் யாரென்று எந்த விழாக் கமிட்டியும் கேட்பதில்லை.

வைரம் ஏறிய முதிர்ந்த பனையைப் பிளந்து, உள்சோற்றை வழித்தெறிந்து, கருஞ்சிராய் ஓடும் வெளிப்பக்கத்தை மட்டும் சீவி எடுக்க வேண்டும். உளி சிராயைக் குறுக்கே வெட்டினால், வளைக்கும்போதே விண்டுவிடும். மூங்கில் வில்லும் உண்டு. உடன்குடிப் பக்கத்துக்காரனான எனக்கு வில் என்றால் பனைதான். நாண் மாட்டுத்தோல் வார். கடற்காற்றில் ஈரம் ஏறினால் வார் தொய்ந்துவிடும். வீசுகோலால் எப்படி அடித்தாலும் வில்லின் மணிகள் சரியாகச் சிணுங்கா. வாரை உலர்த்தி, முறுக்கி, மறுபடி இழுத்துக் கட்டத் தெரிந்த கை வேண்டும்.

பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றது 2021 தமிழக வேளாண் பட்ஜெட். நல்லதுதான், செங்கல் சூளையில் எரிந்த பனைகள் கொஞ்சமா? ஆனால் சாலை விரிவாக்கத்துக்காக அனுமதியோடு சாய்க்கும் மரங்களில் ஒன்றிரண்டை வில் செய்பவர்களுக்கு ஒதுக்கலாமே. அதே ஆண்டு வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது தெற்கே எல்லோரும் மகிழ்ந்தோம். பாடுபவருக்கு அந்தப் பெருமை என்றால், வில்லுக்கு உழைப்பவருக்கு ஒரு வரியாவது வேண்டாமா? வில்லைப் பழுதுபார்க்கும் கூலியையும் வரும் கொடையிலிருந்து செலவுக் கணக்கில், மேளக்காரர், பந்தல்காரர் பெயர்களுக்குக் கீழே, தனி வரியாக எழுதச் சொல்லி எங்கள் ஊர்க் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன்.